எதையும் இடம் மாற்றலாகாது: பாஸ்டன் கார்ட்னர் அருங்காட்சியகத்தின் தொடக்க ஆண்டுகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தின் மேல் தளங்களில் ஒன்றில் டிஷியன் அறை என்ற பெயரில் ஓர் அறை இருக்கிறது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக டிஷியன் 1559க்கும் 1562க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தீட்டிய யூரோப்பா ஓவியம் அங்கே தொங்குகிறது. காளை உருக்கொண்ட கடவுள் ஓர் இளவரசியை முதுகில் சுமந்து கடலைக் கடக்கும் காட்சி அது. ஓவியத்துக்கு நேர் கீழே சுவரில் வெளிறிய பச்சைப் பட்டுத்துணி ஒன்று விரித்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் துணி விலை கொடுத்து வாங்கிய பழம்பொருள் அன்று. அருங்காட்சியகத்தை நிறுவிய அம்மையார் தாம் உடுத்திய கவுன் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தது; பாரிஸில் வொர்த் என்ற தையற்கூடத்தில் தைக்கப்பட்ட கவுன் அது. ஐரோப்பிய ஓவியத்தின் சிகரங்களுள் ஒன்றாகக் கருதப்படும் படைப்பின் அடியில் தம் உடுதுணியை வைக்க எந்தப் பொது அருங்காட்சியகத்தின் காப்பாளரும் முன்வரமாட்டார். இங்கே அது வைக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அகற்றப்படவில்லை. அகற்ற நிறுவனரின் உயில் இடம் தரவும் இல்லை.

இந்த ஆய்வு 1890களில் தொடங்கிய சேகரிப்பிலிருந்து 1924இல் நிறுவனர் மறைந்தது வரையிலான காலத்தை எடுத்துக்கொள்கிறது. செல்வந்தர் ஒருவர் வாங்கிக் குவித்ததை ஊருக்குக் கொடுத்தார் என்று மட்டும் சொன்னால் இந்த வரலாறு விளங்காது. கார்ட்னர் அம்மையார் ஊருக்கு விட்டுச்சென்றது பொருட்களை மட்டுமல்ல, அவற்றைத் தாம் அடுக்கி வைத்த ஒழுங்கையும்தான் என்பதே என் வாதம். அந்த ஒழுங்கே படைப்பு என்று அவர் நம்பினார். அருங்காட்சியகத்தின் தனிச்சிறப்பும் பின்னாளில் அதற்கு வந்த இடர்களும் அந்த ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை.

பணம் வந்த வழி

இசபெல்லா ஸ்டூவர்ட் 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை டேவிட் ஸ்டூவர்ட் லினன் துணி இறக்குமதியில் பொருளீட்டிப் பின்னர் சுரங்கத் தொழிலில் முதலிட்டவர். 1860இல் இசபெல்லா, ஜாக் என்று எல்லோரும் அழைத்த ஜான் லோவல் கார்ட்னரை மணந்து பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார். கணவரின் குடும்பம் கிழக்கிந்தியக் கடல் வணிகத்தில் செழித்த பழைய பாஸ்டன் குடும்பம். பீக்கன் தெருவின் 152ஆம் எண் வீட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

1863இல் பிறந்த ஒரே மகன் இரண்டு வயது நிறைவதற்குள் 1865இல் நிமோனியாவால் இறந்தான். தாய் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். 1867இல் மருத்துவர் சொற்படி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது அவரை மெத்தையோடு சுமந்து கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தது. பயணம் அவரை மீட்டது. அதன்பின் எகிப்து, ஜப்பான், சீனா, அங்கோர், ஜாவா, இந்தியா என்று அவர் பயணம் செய்தபடியே இருந்தார். கணவரின் தமையனார் 1875இல் இறந்தபோது தாயும் இல்லாதிருந்த அவருடைய மூன்று மகன்களையும் கார்ட்னர் தம்பதியரே வளர்த்தார்கள். மகனை இழந்த துயரமே அருங்காட்சியகமாக மாறியது என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. அவருடைய வாழ்நாள் உழைப்பை ஒற்றைக் காரணத்துக்குள் அடைப்பது நியாயமாகாது. 1878இல் ஹார்வர்டில் சார்லஸ் எலியட் நார்ட்டன் ஆற்றிய கலை வரலாற்று விரிவுரைகளைக் கேட்டது, 1884 முதல் வெனிசின் பலாட்சோ பார்பரோ மாளிகையோடு ஏற்பட்ட பழக்கம் ஆகிய இரண்டும் அந்தத் துயரத்துக்கு நிகராகவே அவரை உருவாக்கின.

1891இல் தந்தை இறந்து ஏறத்தாழ 17.5 லட்சம் டாலர் இசபெல்லாவின் கைக்கு வந்தது. அதுவரை அவர் வாங்கியவை பெரும்பாலும் அரிய நூல்களும் சமகால ஓவியங்களும் பயணங்களில் கண்ட அழகிய பொருட்களுமே. இனிமேல் வாங்குவது வேறு அளவில் நடக்கும்.

1892 டிசம்பரில் பாரிஸ் ஏல அரங்கு ஒன்றில் டச்சு ஓவியர் வெர்மீரின் 'இசைக் கச்சேரி' விற்பனைக்கு வந்தது. வெர்மீர் அப்போது இன்றுள்ள புகழை எட்டாதவர். அவரை மீண்டும் உலகுக்கு அறிமுகப்படுத்திய விமரிசகர் தோரே-பூர்ஜே வைத்திருந்த ஓவியம் அது. கார்ட்னர் அம்மையார் தமக்காக ஏலம் கேட்க ஒரு முகவரை அமர்த்தி, தாமும் அரங்கில் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டார். தாம் கைக்குட்டையை முகத்தருகே பிடித்திருக்கும் வரை தொகையை ஏற்றிக்கொண்டே போகவேண்டும் என்பது ஏற்பாடு. கைக்குட்டை கீழே இறங்கவில்லை. லூவ்ர் அருங்காட்சியகமும் லண்டன் தேசியக் காட்சிக்கூடமும் அந்த ஓவியத்தை விரும்பியும், 29,000 பிராங்குக்கு அது பாஸ்டன் அம்மையாருக்குப் போனது. அவருடைய பெரிய கொள்முதல்களில் இதுவே முதல் வரிசையில் நிற்பது. எந்த அறிஞரின் பரிந்துரையும் இன்றி அவர் கண்ணே தேர்ந்தது. பின்னாளில் அவருக்கு ஓவியங்களைத் தேடித் தந்த வல்லுநர் பெரென்சனின் கைப்பாவையாக அவரைச் சித்திரிப்பவர்கள் இந்த ஏலத்தை நினைவில் கொள்ளவேண்டும்.

பெர்னார்ட் பெரென்சன் ஹார்வர்டில் படிக்கும்போதே அம்மையாரின் உதவியைப் பெற்றவர். இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியத்தின் வல்லுநராக வளர்ந்த அவர் 1894 முதல் அம்மையாருக்காக ஓவியங்களைத் தேடித் தந்தார். போட்டிசெல்லியின் 'லுக்ரீசியாவின் துயரம்' அவ்வழியே வந்த முதல் பெரும் ஓவியம். 1896இல் டிஷியனின் யூரோப்பா 20,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. அதே ஆண்டு ரெம்பிராண்ட் தம் 23ஆம் வயதில் தீட்டிய தன்னுருவ ஓவியமும், 1898இல் அவருடைய ஒரே கடற்காட்சியான 'கலிலேயாக் கடலில் புயல்' ஓவியமும் சேர்ந்தன. ரஃபேல், ஃப்ரா ஆஞ்சலிகோ, ஜொத்தோ ஆகியோரின் படைப்புகள் அடுத்தடுத்து வந்தன.

இந்த உறவில் நிழலும் உண்டு. அம்மையாரிடம் நூற்றுக்கு ஐந்து தரகு பெற்ற பெரென்சன், விற்கும் வணிகரிடமிருந்தும் அவருக்குத் தெரியாமல் பங்கு பெற்றுவந்தார். விலைகளில் ஏதோ பொருந்தவில்லை என்று ஜாக் கார்ட்னர் ஐயுற்றார். அம்மையார் பெரென்சனைக் கைவிடவில்லை. ஓவியங்கள் வெளியேறிய நாட்டின் பார்வையும் வேறு. 1899இல் போட்டிசெல்லியின் மற்றொரு ஓவியமான கிஜி மடோனா அம்மையாருக்கு வந்து சேர்ந்தது. அதை விற்ற ரோம் நகர இளவரசர் கிஜி மீது இத்தாலிய அரசு வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தது. வாங்கியவருக்குப் பெருமையாக இருந்தது இழந்த ஊருக்கு வழக்காக இருந்தது என்பதை இந்த அருங்காட்சியகத்தைப் புகழும்போதும் மறக்கலாகாது.

வீடு போதாமல் போனது

ரெம்பிராண்டின் தன்னுருவம் வந்த 1896ஆம் ஆண்டிலேயே கணவனும் மனைவியும் அருங்காட்சியகம் பற்றித் தீவிரமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பீக்கன் தெரு வீட்டோடு பக்கத்து வீட்டையும் முன்பே வாங்கி இணைத்திருந்தும் சுவர்களில் இடம் இல்லை. அந்த இடத்திலேயே இடித்துக் கட்டலாம் என்று கட்டடக் கலைஞர் வில்லார்ட் சியர்ஸ் வரைபடம் தயாரித்தார். ஜாக் வேறு விதமாகச் சிந்தித்தார். நாற்புறமும் வெளிச்சம் கிடைக்கும் தனி நிலம் வேண்டும் என்பது அவர் கருத்து. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பொருளாளராக இருந்தவர் என்பதால் காட்சிக்கூடத்துக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரியும்.

1898 டிசம்பர் 10 அன்று ஜாக் திடீரென்று இறந்தார். கைம்பெண்ணான அம்மையார் ஏழே வாரங்களில், 1899 ஜனவரி 31 அன்று, ஃபென்வே பகுதியில் நிலம் வாங்கினார். சதுப்பு நிலத்தை நிரப்பி உருவாக்கப்பட்ட புறநகர்ப் பகுதி அது. அருகில் ஓம்ஸ்டெட் வடிவமைத்த பூங்கா. வீடுகள் அதிகம் இல்லை. நண்பர்கள் வியந்தார்கள். இடத்தைப் பொறுத்தவரை அவர் நிறைவேற்றியது கணவரின் விருப்பத்தை; கட்டடத்தின் உருவைப் பொறுத்தவரை யாரையும் கேட்கவில்லை.

கட்டிய விதம்

நான்கு தளங்கள், நடுவில் கண்ணாடிக் கூரை வேய்ந்த முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். வெளிச்சுவரில் அலங்காரம் மிகக் குறைவு. தெருவில் போகிறவர் பார்த்தால் வெளிறிய செங்கல் கட்டடம், அவ்வளவுதான். வெனிஸ் மாளிகைகள் கால்வாயை நோக்கிக் காட்டும் அழகிய முகப்பை இங்கே உட்புறமாகத் திருப்பி, முற்றத்தின் நான்கு சுவர்களிலும் அமைத்தார். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்த நம் வாசகருக்கு இந்த அமைப்பு எளிதில் பிடிபடும்: வாசலில் நின்றால் ஒன்றும் தெரியாது, நடை தாண்டினால்தான் வீடு தெரியும். பாஸ்டனின் கடுங்குளிரில் அந்த முற்றத்துக்குக் கூரை வேண்டியிருந்தது. அதன் கீழ் குளிர்காலம் முழுவதும் பூச்செடிகள் வளர்ந்தன.

தூண்கள், போதிகைகள், சாளர வளைவுகள், கல் படிகள் ஆகியவற்றைக் கணவரோடு 1897இல் இத்தாலியில் திரிந்தபோதே அம்மையார் வாங்கத் தொடங்கியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெனிசின் கா தோரோ மாளிகையைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பிரித்தெறிந்த மாடக் கைப்பிடிச் சுவர்கள் இங்கே முற்றத்தை நோக்கி அமர்ந்தன. முற்றத்தின் நடுவில் மெடூசாவின் முகம் பதித்த, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய வண்ணக்கல் தரை விரிந்தது. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய கற்கள் எங்கே போகவேண்டும் என்பது அவர் ஒருவர் மனத்தில் மட்டுமே இருந்தது. முறையாகப் படம் போட்டுக் கட்டிப் பழகிய சியர்ஸின் பாடு எளிதாக இருந்திருக்காது. எழுப்பிய சுவரை அம்மையார் பார்ப்பார். மனத்துக்குப் பிடிக்காவிட்டால் இடிக்கச் சொல்வார்.

நாள்தோறும் அவர் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். மதிய உணவையும் வேலையாட்களோடு அங்கேயே உண்டார். போல்ஜி என்று அவர் அழைத்த இத்தாலியத் தொழிலாளி ஒருவர் கையில் எக்காளத்தோடு அருகில் நிற்பார். கொத்தனாரை அழைக்க இத்தனை ஊதல், தச்சரை அழைக்க இத்தனை ஊதல் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் கணக்கு வகுத்திருந்தார்கள். கூரை உத்தரங்களை இழைத்து வழவழப்பாக்கிய தச்சரிடம், பழைய உத்தரம் போல் வெட்டுத் தெரியவேண்டும் என்று சொல்லி, தாமே கோடரியை வாங்கி வெட்டிக் காட்டினார். முற்றச் சுவருக்கு வண்ணம் பூசியபோது நடந்தது இன்னும் தெளிவான சான்று. வண்ணக்காரர்கள் பூசிய ஒரே சீரான நிறம் அவருக்கு ஒப்பவில்லை. பழைய வெனிஸ் சுவரில் வெயிலும் உப்புக்காற்றும் உண்டாக்கிய திட்டுத்திட்டான ரோஜா நிறமே வேண்டும். அறுபது வயதில் சாரத்தில் ஏறி, ஒரு கடற்பஞ்சை இளஞ்சிவப்பிலும் மற்றொன்றை வெள்ளையிலும் தோய்த்து, ஒற்றி ஒற்றிக் காட்டினார். இன்றைக்கும் அந்த முற்றத்தில் நிற்பவர் முதலில் காண்பது அந்த நிறத்தையே. விலை கொடுத்து வாங்கிய எந்த ஓவியத்தையும்விட இந்தச் சுவர் அவரை எனக்கு நெருக்கமாகக் காட்டுகிறது.

1901 இறுதியில் நான்காம் தளத்தில் குடியேறினார். கீழ்த் தளங்கள் ஊருக்கு, மேல் தளம் அவருக்கு. 1902 முழுவதும் பொருட்களை அடுக்குவதில் கழிந்தது. இசையரங்கின் ஒலி எப்படி இருக்கிறது என்று சோதிக்க அவருக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. திறப்பதற்கு முன் யாரும் பார்த்துவிடவும் கூடாது. பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிச் சிறுவர்களை அழைத்து வந்து அமர்த்தி இசை நிகழ்ச்சி நடத்தினார். அவர்கள் வாசலில் கழற்றிவிட்டிருந்த மழைக்காலணிகள் ஒன்றோடொன்று கலந்துபோய், புறப்படும் நேரத்தில் தத்தம் இணையைக் கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைகள் திண்டாடினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. பார்வையற்ற குழந்தைகளைத் தம் இரகசியம் காக்கப் பயன்படுத்தியதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்த அரங்கின் முதல் இசையைக் கேட்டவர்கள் அவர்களே.

திறப்பும் சுங்கத்துறையும்

1903 ஜனவரி முதல் நாள் இரவு அழைக்கப்பட்ட விருந்தினர் வந்தனர். இருபுறமும் வளைந்து ஏறும் படிக்கட்டின் உச்சியில் கருப்பு உடையில், வைரங்கள் மின்ன அம்மையார் நின்றிருந்தார். பாஸ்டன் பிரபுக்கள் ஒரு புறம் ஏறி, அவருக்கு வணக்கம் சொல்லி, மறுபுறம் இறங்கவேண்டும். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவினர் வாசித்தார்கள். இசை முடிந்ததும் கண்ணாடி பதித்த பெருங்கதவு நகர்ந்தது; நடுக்குளிர்கால இரவில், நூற்றுக்கணக்கான விளக்குகளும் மலர்ச்செடிகளும் நீரொலியும் நிறைந்த முற்றம் விருந்தினர் முன் விரிந்தது. நான்கு ஆண்டுகள் சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தது அந்தக் கணத்துக்காகத்தான். எக்காளம் ஊதிய போல்ஜியும் அன்று சீருடை அணிந்து கையில் கோலுடன் நின்றார். விருந்தினருக்குப் பரிமாறப்பட்டவை ஷாம்பெயினும் டோனட்டும்.

பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1903 பிப்ரவரி 23 அன்று. ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களே அனுமதி. நாளொன்றுக்கு 200 நுழைவுச்சீட்டுகள். சீட்டு ஒரு டாலர். அன்றைய தொழிலாளிக்கு ஒரு டாலர் பெரிய தொகை. ஓவியங்களுக்கு அருகில் பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு விழுகிறது. 1897ஆம் ஆண்டின் டிங்லி சட்டம் அமெரிக்காவுக்குள் வரும் கலைப்பொருட்களுக்கு நூற்றுக்கு இருபது சுங்கவரி விதித்திருந்தது. பொது அருங்காட்சியகங்களுக்கு விலக்கு உண்டு. கார்ட்னர் அம்மையார் 1900 டிசம்பரிலேயே கலைக் கல்விக்கான நிறுவனமாகத் தம் அருங்காட்சியகத்தைச் சட்டப்படி பதிவு செய்திருந்தார். அரசு அந்தப் பதிவோடு நிற்கவில்லை. கதவு எத்தனை நாள் திறந்திருக்கிறது, யார் உள்ளே வரமுடிகிறது என்று கேட்டது. நான்காம் தளத்தில் உரிமையாளர் குடியிருக்கும், சில நாட்கள் மட்டும் அளந்த சீட்டுக்குத் திறக்கும் கட்டடம் எப்படிப் பொது அருங்காட்சியகமாகும்? 1904இல் அவர் வரியைச் செலுத்த நேர்ந்தது. 1908இல் தோழி ஒருவர் அம்மையாரின் பொருட்களைத் தம் வீட்டுச் சாமான்கள் என்று குறைந்த மதிப்புக் காட்டிக் கொண்டுவந்தது பிடிபட்டு, வரியும் தண்டமும் சேர்ந்து அம்மையார் தலையில் விழுந்தன. மறு ஆண்டே இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களுக்கு வரி நீக்கிய புதிய சட்டம் வந்தது. அதனால் பெரும் பயன் அடைந்தவர்கள் ஜே. பி. மார்கன் போன்ற பிற சேகரிப்பாளர்கள்.

செல்வர்களுக்கு எதிரான அரசின் கெடுபிடி இது என்று அம்மையாரின் நண்பர்கள் கருதியிருக்கலாம். எனக்கு அரசின் கேள்வி நேர்மையானதாகவே படுகிறது. பொதுமக்களுக்காக என்று சொல்லி வரிவிலக்குக் கேட்பவர் பொதுமக்களை உள்ளே விடவேண்டும். அதே சமயம், கூட்டத்தை அளவோடு விட்டதற்கு அம்மையாரிடம் இருந்த காரணமும் வெறும் ஆணவம் அன்று. கயிறு கட்டாத நாற்காலிகள், திறந்த மேசைகளில் கடிதங்கள், கைக்கெட்டும் உயரத்தில் துணிகள் என்று அமைத்த அறைகளில் ஆயிரம் பேரை ஒரே நாளில் விட்டால் ஒன்றும் மிஞ்சாது. வீடு போல் அமைத்ததை வீடு போலவே காக்கவேண்டியிருந்தது.

அவரே மாற்றியது

உயிரோடு இருந்தவரை அவர் தம் அறைகளை ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தார். மிகப் பெரிய மாற்றம் 1914இல் நடந்தது. திறப்புவிழா இரவில் இசை ஒலித்த அதே இரண்டடுக்கு இசையரங்கை இடித்தார். அதன் கீழ்ப்பகுதியில் ஸ்பானிய நடைக்கூடம். மேற்பகுதியில் பழைய சித்திர நெசவுத் திரைகளுக்கான நீண்ட அறை. ஓவியர் சார்ஜென்ட் 1882இல் தீட்டிய 'எல் ஹலேயோ' என்னும் பெரிய ஓவியம் அப்போது அவருடையது அன்று. உறவினரான கூலிட்ஜ் என்பவரிடம் இருந்தது. அந்த ஓவியத்துக்கென்றே நடைக்கூடத்தின் கோடியில் வளைவு மாடம் ஒன்றைக் கட்டி, பக்கத்தில் கண்ணாடி பதித்து, மேடை விளக்கைப் போலக் கீழிருந்து ஒளி வரச் செய்து, மெக்சிகோத் தேவாலயத்திலிருந்து வந்த சுமார் 2,000 பழைய ஓடுகளைச் சுவரில் பதித்தார். இடத்தைப் பார்த்த உரிமையாளர் ஓவியத்தைக் கொடுத்துவிட்டார். ஆடும் பெண்ணின் நிழல் சுவரில் ஏறும் அந்த ஓவியம் இன்று வேறெங்கும் இருக்க முடியாது என்று தோன்றுமளவுக்கு அங்கே பொருந்தியிருக்கிறது.

இந்த மாற்றத்தை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதையும் மாற்றலாகாது என்று பின்னர் விதித்தவர், தம் கட்டடத்தின் மையத்தையே பதினொரு ஆண்டில் இடித்துப் படைத்தவர். அவருக்கு மாற்றம் பகையாக இருக்கவில்லை. பிறர் கை படுவதையே அவர் விரும்பவில்லை.

சில நிமிட நடைத்தொலைவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1909இல் தன் புதிய கட்டடத்தில் குடியேறியிருந்தது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் அங்கே இந்தியக் கலைப் பிரிவைப் பொறுப்பேற்று, காலம், வட்டாரம், மரபு என்று வகைப்படுத்தி, ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் விளக்கம் தந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே கார்ட்னர் அம்மையாரின் அறைகளில் பதினாறாம் நூற்றாண்டு ஓவியத்தின் அருகே பத்தொன்பதாம் நூற்றாண்டு நாற்காலி நின்றது. வரலாறு கற்பிக்கும் நோக்கமே அங்கே இல்லை. ஒரே ஊரில் ஒரே காலத்தில் கலைக்கூடம் என்பதற்கு இரு வேறு விடைகள் அடுத்தடுத்து நின்றன.

உயில்

1919 இறுதியில் பக்கவாதம் தாக்கியது. 1922இல் சார்ஜென்ட் வந்து, வெள்ளைத் துணி போர்த்திய சிறு உருவமாக, முகம் மட்டும் தெரிய, அவரை நீர்வண்ணத்தில் தீட்டினார். 1888இல் அதே சார்ஜென்ட் தீட்டிய முழு உருவப்படம் பாஸ்டனில் பேச்சைக் கிளப்பியதால், தம் வாழ்நாளில் மீண்டும் அதைக் காட்சிக்கு வைக்க ஜாக் ஒப்பவில்லை. கோத்திக் அறையில் தொங்கிய அந்தப் படத்தை அம்மையாரும் தாம் இருக்கும் வரை பொதுமக்கள் பார்வைக்கு விடவில்லை. 1924 ஜூலை 17 அன்று அவர் இறந்த பிறகே அந்த அறை திறந்தது.

உயில் அருங்காட்சியகத்தைப் பொதுமக்களின் கல்விக்கும் இன்பத்துக்கும் என்றென்றைக்குமாக விட்டுச்சென்றது; பராமரிப்புக்குப் பத்து லட்சம் டாலர் வைப்பு நிதியாகக் கொடுத்தது. அதற்காகக் கடைசி ஆண்டுகளில் தம் அன்றாடச் செலவைக்கூட அவர் சுருக்கியிருந்தார். நிபந்தனை கடுமையானது. அறங்காவலர்கள் காட்சி ஒழுங்கை மாற்றினாலோ புதிய கலைப்பொருளைச் சேர்த்தாலோ, தொகுப்பு முழுவதும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், பாரிஸில் ஏலம் விடப்பட்டு, அந்தப் பணம் ஹார்வர்டைச் சேரும். தம் பிறந்த நாளில் ஆண்டுதோறும் அங்குள்ள சிற்றாலயத்தில் வழிபாடு நடக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அது இன்றும் நடக்கிறது. அவர் தேர்ந்த முதல் இயக்குநர் மோரிஸ் கார்ட்டர் 1955 வரை அந்த ஒழுங்கைக் காத்தார்.

இந்த நிபந்தனைக்கு இரண்டு விளைவுகள். முதலாவது எல்லோரும் அறிந்தது. 1990 மார்ச் 18 அதிகாலையில் போலீஸ் உடையில் வந்த இருவர் 81 நிமிடங்களில் 13 படைப்புகளைக் கொண்டுபோனார்கள். பாரிஸ் ஏலத்தில் கைக்குட்டையால் வென்ற வெர்மீரும் ரெம்பிராண்டின் புயலும் அவற்றுள் அடக்கம். எதுவும் இன்னும் திரும்பவில்லை. வேறு அருங்காட்சியகமாக இருந்தால் அந்த இடங்களில் வேறு ஓவியங்களை மாட்டியிருப்பார்கள். இங்கே வெற்றுச் சட்டங்கள் பழைய இடங்களிலேயே இருக்கின்றன.

இரண்டாவது விளைவு அவ்வளவாகப் பேசப்படாதது. எனக்கு அதுவே முதன்மையானது. இசையரங்கை 1914இல் இடித்துவிட்டதால், பின்னாளில் அருங்காட்சியகத்தின் இசை நிகழ்ச்சிகள் சித்திரத் திரை அறையில் நடந்தன. நாற்காலிகளை அடுக்க அறையின் பொருட்கள் ஒதுங்கின. கூட்டத்தின் மூச்சும் ஈரமும் நூற்றாண்டுகள் கண்ட நெசவைத் தின்றன. உயிலைக் காக்க முயன்றே உயிலிலிருந்து விலகிப் போன நிலை. அறங்காவலர்கள் நீதிமன்றத்தை அணுகினார்கள். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2009இல் இசைவு தந்தது. ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய கட்டடம் 2012 ஜனவரியில் பழைய மாளிகையின் பின்புறம், அதைத் தொடாத தொலைவில், கண்ணாடி நடையொன்றால் மட்டும் இணைந்து திறந்தது. இசை அங்கே போனது. சித்திரத் திரை அறையில் நாற்காலி வரிசைகள் எடுக்கப்பட்டு, மேசைகளும் திரைகளும் அம்மையார் வைத்த இடங்களுக்குத் திரும்பின.